முழங்கால் காத்திருக்கும், கணுக்கால் காத்திருக்காது

கேள்வி:

வணக்கம் டொக்டர். நாங்கள் சுவிஸில் ஆர்காவ் மாநிலத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. பள்ளிக்கூடத்தால் ஸ்கீலாகர் (பனிச்சறுக்கு முகாம்) போனவள், மூன்றாம் நாள் பின்னேரம் விழுந்து வலது முழங்கால் திரும்பிவிட்டது. “உள்ளுக்குள் டொக் என்று கேட்டது அம்மா” என்கிறாள். அன்றிரவே கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. மலையடிவாரத்தில் இருந்த வைத்தியர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி, ஊன்றுகோல் கொடுத்து, வீட்டுக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். திகதி இன்னும் ஆறு நாள் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. லண்டனில் இருக்கும் என் அண்ணா, உடனே ஒபரேஷன் செய்யாவிட்டால் பிள்ளை வாழ்நாள் முழுக்க நொண்டுவாள் என்கிறார். மாமி எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்கிறா. தெரிந்த ஒருவர் சென்னைக்குக் கொண்டுபோனால் ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்கிறார். நல்ல ஸ்பெஷலிஸ்ட் யார்? எந்த ஆஸ்பத்திரி? காசு கட்டிப் பிரைவேட்டாகப் போக வேண்டுமா? கணவர் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. “பனியில் சறுக்கப் பிள்ளையை அனுப்பினது நீ” என்கிறார். அதே கிழமை மகனும் சிநேகிதரோடு ஸ்னோபோர்டுக்குப் போய்க் கால் பிரண்டு வந்தான். அவனுக்கு 18 வயது, இலக்ட்ரிக் வேலைக்கு லேர (தொழிற்பயிற்சி) செய்கிறான். அது பெரிசில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், 11 நாளாக நொண்டி நொண்டி வேலைக்குப் போகிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மகளின் முழங்காலுக்கு ஏறக்குறைய முழுக் கடிதமும், மகனின் கணுக்காலுக்குக் கடைசி இரண்டு மூன்று வரியும் கொடுத்திருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசி வரிகளைத்தான். இந்தப் பதில் வெளியாகும் வரை பொறுக்க முடியாத விஷயம் என்பதால், மகனின் காலைப் பற்றி மட்டும் அன்றைக்கே உங்களுக்குத் தகவல் அனுப்பினேன். காரணத்தை இங்கே விளக்கமாகச் சொல்கிறேன். மகளிடம் பிறகு வருகிறேன். அவளுடைய கால் நல்ல கையில்தான் இருக்கிறது.

ஸ்கீ போடுகிறவர்களின் சப்பாத்து கெட்டிப் பிளாஸ்டிக். கணுக்காலைக் கவசம் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் விழும்போது வரும் முறுக்கு கணுக்காலில் நிற்காமல் மேலே ஏறி முழங்காலைப் பதம் பார்க்கும். ஸ்னோபோர்ட் சப்பாத்து மெதுவானது. கணுக்கால் அதற்குள் மடங்கும். பாய்ந்து இறங்கும்போது பாதம் மேல்நோக்கி மடிந்து உள்ளே திரும்பினால், கணுக்காலின் அடியிலிருக்கும் தாலுஸ் என்ற எலும்பின் வெளிப்பக்க முனை உடையலாம். ஸ்னோபோர்ட் ஆட்களிடம் இது அடிக்கடி வருவதால் ‘ஸ்னோபோர்டர் கணுக்கால்’ என்றே வைத்தியர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், நோகும் இடம் வெளிக்கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் முன்னால். சாதாரணமாகக் கால் பிரண்டு சவ்வு இழுபட்டால் நோகும் இடமும் அதேதான். வீக்கமும் அதே மாதிரித்தான். சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் நிழலுக்குள் இந்த முனை ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரே பார்த்த வைத்தியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தேடிப் போனால்தான் தெரியும், அதுவும் பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில்தான்.

உங்கள் மகனுக்கு அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. வெறும் சவ்வாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்னோபோர்டில் பிரண்ட கால் 11 நாளாகியும் நொண்டுகிற அளவுக்கு நோகிறதென்றால் சி.டி. எடுக்காமல் விடக்கூடாது. உடைந்த துண்டு விலகாமல் இருந்தால் ஏறக்குறைய ஆறு கிழமை கால் ஊன்றாமல் கட்டுப் போட்டிருந்தாலே பொருந்திவிடும். விலகியிருந்தால் சின்ன ஆணி வைத்துப் பொருத்துவார்கள். இரண்டுமே முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் செய்தால் சுலபம். கவனியாமல் விட்டால் தாலுசுக்கும் குதிக்கால் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டு தேய ஆரம்பிக்கும். ஏணியிலும் கூரையிலும் நின்று வயர் இழுக்கப் போகிற பிள்ளைக்கு அந்த மூட்டு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நோட்ஃபாலுக்கோ (அவசர சிகிச்சைப் பிரிவு) குடும்ப வைத்தியரிடமோ போகும்போது அவன் “கால் பிரண்டுவிட்டது” என்று மட்டும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் கிரீமும் பண்டேஜும்தான் கிடைக்கும். “ஸ்னோபோர்டில் இப்படித்தான் விழுந்தேன், 11 நாளாக நொண்டுகிறேன், தாலுஸ் எலும்பைச் சி.டி.யில் பார்க்க முடியுமா?” என்று கேட்கட்டும். எப்படி விழுந்தான் என்ற கதை வைத்தியருக்கு எக்ஸ்ரே அளவுக்குப் பெறுமதியானது. எங்கள் ஆட்கள் பலர் அதைச் சொல்ல வெட்கப்பட்டு “வழுக்கிவிட்டது டொக்டர்” என்று முடித்துவிடுகிறார்கள். சி.டி.யில் ஏதாவது தெரிந்தால் போக வேண்டியது பாதத்தையும் கணுக்காலையும் மட்டும் பார்க்கும் எலும்பு வைத்திய நிபுணரிடம். பெரிய ஆஸ்பத்திரிகளில் பாதத்துக்கென்றே தனி ஸ்ப்ரெக்ஸ்டுண்ட, அதாவது ஆலோசனை நேரம், இருக்கும்.

காசு விஷயத்தில் உங்கள் மகனுக்கு ஒரு நல்ல செய்தி. லேர செய்கிறவனும் சட்டப்படி வேலை செய்கிறவன்தான். அவனுடைய விபத்துக் காப்புறுதி முதலாளி ஊடாக, சுவா என்ற விபத்துக் காப்புறுதி நிறுவனத்திலோ வேறொன்றிலோ இருக்கும். விபத்து வேலை நேரத்தில் நடந்திருக்க வேண்டியதில்லை. கிழமைக்கு எட்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் வேலை செய்கிறவருக்கு ஓய்வுநாள் விபத்தும் அதற்குள் அடங்கும். பிராஞ்சீஸ், அதாவது வருடத்தில் முதலில் நாங்களே கட்டுகிற தொகை, இல்லை, பில்லில் 10 வீதம் கட்டத் தேவையில்லை, எந்த வைத்தியரிடம் போவது என்பதையும் அவனே தெரிவு செய்யலாம். வேலை செய்ய முடியாமல் போனால் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதம் கிடைக்கும். ஆனால் அவன் முதலாளியிடம் விபத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நொண்டி நொண்டி வேலைக்குப் போகிறான் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், லேர போய்விடுமோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். விபத்து அறிவித்தல் போனதும் ஒரு இலக்கம் வரும். வைத்தியரிடமும் பார்மசியிலும் அந்த இலக்கத்தைக் கொடுத்தால் போதும், பில் உங்கள் வீட்டுக்கு வராது. கிராங்கன்காசாவுக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதிக்கு, போன பழைய பில் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் உதவி வைத்தியராக இருந்த காலம். பெப்ரவரி மாதம், நோட்ஃபால் வாசல் வரை ஸ்கீ சப்பாத்தோடு ஆட்கள். ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். விழும்போது கையில் பிடித்திருந்த தடி பெருவிரலை வெளியே இழுத்துவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவில்லை. அடுத்த கட்டிலில் தொடை எலும்பு முறிந்த ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பெருவிரலை யார் கவனிப்பார்கள்? சுளுக்கு என்று எழுதிக் கட்டுப் போட்டு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தார். கத்தியைப் பிடித்து வெங்காயம் வெட்ட முடியவில்லை, போத்தல் மூடி திறக்க முடியவில்லை. பெருவிரல் அடியில் உள்பக்கமாக இருக்கும் சவ்வு அறுந்து, அறுந்த நுனி பக்கத்துத் தசைநாரின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. இடையில் வேறொன்று நின்றால் இரண்டு நுனியும் எப்படி ஒட்டும்? சுவீடனைச் சேர்ந்த ஸ்டேனர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1962ல் இதைப் படம் போட்டே விளக்கியிருந்தார். நான் படித்துமிருந்தேன். படித்தது அந்த இரவில் ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் கை சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பியிருந்தால் அரை மணித்தியால வேலை. சுவிஸில் கைக்கென்றே தனி நிபுணர் பட்டம் இருக்கிறது. அந்த மனிதருக்குப் பிறகு பெரிய ஒபரேஷன் தேவைப்பட்டது. அன்றிலிருந்து, சத்தம் போடாத காயத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

மணிக்கட்டிலும் இதே கதை உண்டு. ஸ்னோபோர்டில் விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். பெருவிரலை நீட்டினால் மணிக்கட்டில் தெரியும் குழியில் அழுத்தி நொந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்பக்கூடாது. அங்கேயிருக்கும் சின்ன எலும்பில் வந்த வெடிப்பு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். பத்துப் பதினான்கு நாளில் திரும்ப எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். அந்த எலும்புக்கு இரத்தம் பின்பக்கமாகத்தான் போகிறது, ஒட்டாவிட்டால் ஒரு பாதி செத்துப்போகும்.

இனி மகள்.

“டொக்” என்று கேட்டது, அன்றிரவே வீங்கியது, எக்ஸ்ரேயில் முறிவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முழங்காலுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. குறொய்ட்ஸ்பாண்ட் என்று இங்கே எல்லோரும் சொல்லும், மூட்டின் நடுவில் குறுக்காக ஓடுகிற முன் சவ்வு அறுந்திருக்கலாம். முழங்காற்சில்லு ஒரு தடவை விலகித் திரும்ப வந்திருக்கவும் கூடும். வளரும் பிள்ளைகளிடம் இன்னொன்றும் உண்டு. சவ்வு அறுவதற்குப் பதிலாக, அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அது பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும், துண்டு விலகியிருந்தால் அவசரமாகப் பொருத்த வேண்டும். மலையடிவார வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தது முக்கியமாக இதைத் தள்ளிவைக்கத்தான். அங்கேயிருக்கும் வைத்தியர்களைக் கிராமத்து டொக்டர் என்று குறைவாக நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் அவர்கள் கையால் போகிற முழங்கால்கள் தாழ்நிலத்து வைத்தியர் பலர் காண்பதைவிட அதிகம். முதல் நாட்களில் நோவினால் பிள்ளை காலை இறுக்கிப் பிடித்திருக்கும், கையால் ஆட்டிப் பார்த்தும் சரியாகத் தெரியாது. அதனால் ஆறு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. என்றால் அது அலட்சியமில்லை. அவர் தந்த படங்களை டிஸ்கிலோ லிங்கிலோ வாங்கி வைத்திருங்கள், அடுத்த வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. முழங்கால் ஒரு கோணத்தில் பூட்டுப் போட்ட மாதிரி நின்று நீட்டவே முடியாவிட்டால், மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து நடுவில் சிக்கியிருக்கலாம். பாதம் குளிர்ந்தாலோ விறைத்தாலோ, கெண்டைக்கால் கல்லுப் போல இறுகினாலோ, முழங்காலுக்குக் கீழே அந்தக் கால் சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ எம்.ஆர்.ஐ. திகதியைப் பார்க்காமல் நேரே நோட்ஃபாலுக்குப் போங்கள். அவளுக்கு இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

அதுவரைக்கும் ஐஸ், ஊன்றுகோல், காலை உயர்த்தி வைத்தல். படுத்திருக்கும்போது முழங்காலின் அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் மடிந்தபடியே இறுகிவிடும். குதிக்காலின் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, கால் தானாக நீள விடுங்கள். தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள், நாளைக்குப் பல தடவை. மாமி சொல்கிற எண்ணெய் உருவலை இப்போது வேண்டாம். ஊரில் முறிவு நெரிவுக்குப் பரியாரியார் கட்டுப் போட்டு நடந்தவர்கள் என் வீட்டிலும் இருக்கிறார்கள், அந்தக் கைகளில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உள்ளே இரத்தம் நிற்கிற மூட்டை உருவினால் வீக்கம் கூடும், உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று தெரியாமல் இழுப்பதும் ஆபத்து. மாமியிடம், “டொக்டர் ஒரு மாதம் கழித்துத் தொடைக்குப் பூசலாம் என்று சொன்னார்” என்று சொல்லுங்கள். சண்டையும் வராது.

உடனே ஒபரேஷன் என்று உங்கள் அண்ணா சொல்வதில் பாசம் இருக்கிறது, அவசரம் தேவையில்லை. வீங்கி இறுகியிருக்கும் முழங்காலை வெட்டினால் அது பிறகு நீளவும் மடங்கவும் மறுக்கும். முதலில் வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்டு, தொடைத் தசை வேலை செய்யத் தொடங்க வேண்டும். பெரியவர்களைப் பற்றிச் சுவீடனில் நடந்த ஆய்வொன்று 2010ல் வெளியானது. சவ்வு அறுந்த 121 இளைஞர்களில் 62 பேருக்கு ஆரம்பத்திலேயே ஒபரேஷன், மீதி 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஒபரேஷன். இரண்டு வருடம் கழித்து இரண்டு கூட்டத்தின் முழங்கால்களிலும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. பயிற்சிக் கூட்டத்தில் 23 பேர்தான் அதுவரை ஒபரேஷனுக்குப் போயிருந்தார்கள். உங்கள் மகள் பெரியவள் இல்லை, ஆகவே இந்தக் கணக்கை அப்படியே அவளுக்குப் போடக்கூடாது. பிள்ளைகளிடம் தளர்ந்த முழங்கால் திரும்பத் திரும்ப விலகினால் மெனிஸ்கஸ் கெட்டுப்போகும் என்பதால், சில நிபுணர்கள் சற்று முந்தியே ஒபரேஷன் பக்கம் சாய்வார்கள். முந்தி என்றாலும் அது கிழமைக் கணக்கு, மணித்தியாலக் கணக்கு இல்லை.

13 வயதில் உண்மையான கேள்வி வேறு. எலும்பு வளரும் தட்டுகள் முழங்காலுக்கு மேலேயும் கீழேயும் இன்னும் திறந்திருக்கின்றனவா? பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி அந்தத் தட்டுகளைத் துளைத்துக்கொண்டு புதுச் சவ்வைக் கொண்டுபோனால், கால் நீளத்திலோ நேரிலோ வித்தியாசம் வரலாம். தட்டுகளைத் தவிர்த்துச் செய்கிற முறைகள் இருக்கின்றன. பெண்பிள்ளைகளுக்கு 14 வயதளவில் அவை மூடத் தொடங்கிவிடும், ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கணிக்க வைத்தியர் இடது கையை எக்ஸ்ரே எடுக்கலாம், உங்கள் இருவரின் உயரத்தைக் கேட்கலாம், பிள்ளை எப்போது பெரியபிள்ளை ஆனவள் என்றும் கேட்கலாம். முழங்காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கூச்சப்படாதீர்கள். முழங்காலை எப்படி வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி அது.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய ஸ்பெஷலிஸ்ட், ஸ்கீ வீரர்களுக்கு வைத்தியம் செய்து பேப்பரில் பேர் வந்தவர் இல்லை. பிள்ளைகளின் எலும்பு வைத்தியம் தெரிந்தவர், முழங்கால் சவ்வைக் கையாள்கிறவர். இரண்டும் ஒருவரிடமோ, ஒரே கூரையின் கீழ் இருவரிடமோ இருக்க வேண்டும். ஆர்காவிலிருந்து பார்த்தால் ஆறாவ் மாநில ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான பிரிவு இருக்கிறது. சூரிச்சில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியும் பால்கிறிஸ்ட் எலும்பு வைத்தியசாலையும், பாசலில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியும், பேர்ணில் இன்சல் ஆஸ்பத்திரியும் எட்டக்கூடிய தூரத்தில். எதற்கும் குடும்ப வைத்தியர் நிபுணரிடம் அனுப்பி எழுதும் ஊபர்வைசுங் கடிதத்தோடு போங்கள். அவர் ஊடாகப் போவதுதான் உங்கள் காப்புறுதியின் முறை என்றால், கடிதமில்லாமல் போனால் பில் உங்கள் தலையில் விழலாம். நோட்ஃபால் அதற்கு விதிவிலக்கு.

போனதும் கூச்சமில்லாமல் கேளுங்கள்: வளரும் தட்டு திறந்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒபரேஷனை வருடத்துக்கு எத்தனை தரம் செய்கிறீர்கள்? என் பிள்ளையின் தட்டை எப்படித் தவிர்ப்பீர்கள்? ஒபரேஷன் செய்யாவிட்டால் திட்டம் என்ன? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் திருப்தியில்லாவிட்டால் ஸ்வைட்மைனுங், அதாவது இன்னொரு நிபுணரின் அபிப்பிராயம் கேட்பது இங்கே வழமை. முதல் வைத்தியருக்குச் செய்கிற துரோகமில்லை.

பிரைவேட்டாகப் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். லண்டனில் காத்திருப்பு நீளம், அதனால் அண்ணாவுக்கு அந்த யோசனை வருவது நியாயம். இங்கே அடிப்படைக் காப்புறுதியிலேயே அதே எம்.ஆர்.ஐ., அதே ஒபரேஷன் அறை. பிரைவேட்டில் தனி அறையும், யார் வெட்டுவது என்று தெரிவு செய்கிற வசதியும் கூடக் கிடைக்கும். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. சென்னையில் திறமான முழங்கால் நிபுணர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திட்டமிட்டு வெளிநாட்டுக்குப் போய்ச் செய்கிற வைத்தியத்துக்கு இங்குள்ள அடிப்படைக் காப்புறுதி காசு தராது. ஒபரேஷன் ஒரு கிழமையில் முடியும், வைத்தியம் முடியாது. பிறகு ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் பயிற்சி. வெட்டியவருக்கும் பயிற்சி கொடுக்கிறவருக்கும் இடையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் இருந்தால், கால் நீள மறுக்கிற அன்றைக்கு யாரிடம் போவீர்கள்?

அந்த ஒன்பது மாதம் நான் சும்மா சொன்ன கணக்கு இல்லை. ஒஸ்லோவில் நடந்து 2016ல் வெளியான ஆய்வில், ஒபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் திரும்ப அடிபடுகிற வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு நான் இன்னும் கூடுதலாகவே வைத்திருப்பேன். பிசியோதெராபிக்கு ஒரு சீட்டில் ஒன்பது தடவை கிடைக்கும், முடிந்ததும் வைத்தியர் புதிதாக எழுதித் தருவார். “நன்றாக நடக்கிறாள்தானே” என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடுகிற பெற்றோர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நடப்பது வேறு, ஒற்றைக் காலில் குதித்து இறங்குவது வேறு.

மகளின் செலவு மகனைப் போல இல்லை. அவளுக்கு விபத்தும் கிராங்கன்காசாவோடு சேர்ந்ததுதான். நீங்களாகக் கேட்டு வைக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் பிராஞ்சீஸ் கிடையாது. 10 வீதம் மட்டும், அதுவும் வருடத்துக்கு 350 பிராங்குக்கு மேல் போகாது. மலையிலிருந்து இறக்கிய வண்டிக்குத் தனி பில் வந்தால் திடுக்கிட வேண்டாம். அடிப்படைக் காப்புறுதி போக்குவரத்துச் செலவில் பாதியை, வருடத்துக்கு 500 பிராங் வரை தரும். உயிரைக் காப்பாற்றுகிற மீட்பு என்றால் பாதியை 5000 வரை. மீதிக்குச் சுசாற்ஸ், அதாவது மேலதிகக் காப்புறுதி, இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு உங்களையும் பாருங்கள். கிளீனிங் வேலையை நாலு இடத்தில், இடத்துக்கு ஐந்து ஆறு மணித்தியாலமாகச் செய்கிற பெண்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! கூட்டினால் 20 மணித்தியாலம் வரும், ஆனால் ஓரிடத்திலும் எட்டு இல்லை. அப்படியானால் ஓய்வுநாள் விபத்து முதலாளிமாரின் காப்புறுதியில் அடங்காது. கிராங்கன்காசாவில் விபத்துப் பகுதியை நீக்கியிருந்தால் திரும்பச் சேர்க்க வேண்டும்.

கணவர் சொன்னதற்கு வருகிறேன். இதை அவரும் படிக்கட்டும். “சப்பாத்தை ஸ்கீயில் பூட்டுகிற பைண்டுங் ஏன் கழரவில்லை?” என்றுதான் தகப்பன்மார் முதலில் கேட்பார்கள். பைண்டுங் கழர்வது முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பைக் காப்பாற்ற. அதில் அது கெட்டிக்காரன், பழைய காலத்துக் கீழ்க்கால் முறிவுகள் வெகுவாகக் குறைந்தது அதனால்தான். பிள்ளை பின்பக்கம் சரிந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், பள்ளத்துப் பக்கத்து ஸ்கீயின் வால் பனியைக் கவ்விக்கொண்டு காலை உள்ளே திருப்பும்போது, பைண்டுங்குக்குத் தெரியாமலே சவ்வு அறுந்துவிடும். அனுபவசாலிகளுக்கும் நடக்கிற விழுகை அது. அடுத்த தடவை வாடகைக்கு எடுக்கும்போது நிறை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், இறுக்கத்தை அதை வைத்துத்தான் திருப்புவார்கள். சொந்த ஸ்கீ என்றால் வருடத்துக்கு ஒரு தடவை கடையில் சோதிக்க வேண்டும். இவ்வளவுதான் பெற்றோர் கையில் இருப்பது. இங்கே பிறந்த பிள்ளை வகுப்போடு ஸ்கீலாகர் போவது, நாங்கள் ஊரில் வகுப்போடு சுற்றுலா போன மாதிரி. அதற்கு அனுப்பினது தப்பென்று நான் எழுத மாட்டேன்.

கடைசியாக ஒன்று. வைத்தியரோடு கதைக்கும்போது மொழிபெயர்க்கிறது யார்? உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைதான். 13 வயதில் தன் காலை வெட்டுவதன் ஆபத்தைத் தானே கேட்டு, தானே தாய்க்குத் தமிழில் சொல்வாள். நீங்கள் பயப்படுவீர்கள் என்று பாதியை விழுங்குவாள். நாள் குறிக்கும்போதே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகள் ஒழுங்கு செய்யும். அவள் அன்றைக்கு நோயாளியாக மட்டும் இருக்கட்டும், தனக்குப் பயமானதைத் தன் வாயால் கேட்கட்டும்.

மகனின் சி.டி. முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதில் முழங்காலைப் பற்றி எழுத மறந்துபோனாலும் பரவாயில்லை.